இருக்கைக்கு அடியில் ஒரு சாண்

எங்கே உட்காரப் போனாலும் அவர் முதலில் குனிந்து நாற்காலிக்கு அடியில் பார்ப்பார். வீட்டில், பேருந்தில், பல் மருத்துவரின் முன்னறையில், எங்கேயானாலும் அப்படித்தான். அடியில் யாருடைய பையாவது இருந்தால் இழுத்து ஓரமாக வைப்பார். செருப்பு கிடந்தால் காலால் தள்ளுவார். ஒருமுறை பக்கத்து வீட்டுப் பூனை அங்கே சுகமாகப் படுத்திருந்தது. அதையும் எழுப்பி அனுப்பிவிட்டுத்தான் உட்கார்ந்தார். முடிவெட்டுகிறவர் இதைப் பல வருஷமாகப் பார்த்து வருகிறவர்.

"என்னண்ணே, பாத்தாச்சா? பூதம் கீதம் ஒண்ணும் இல்லையே?"

"இப்போதைக்கு இல்ல. நீ கத்தரியை எடு."

மனைவிக்கு இது முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகு சிரிப்பு வந்தது. அதற்கும் பிறகு அது அவள் கண்ணில் படுவதே நின்றுவிட்டது. இருமல், தும்மல் மாதிரி அதுவும் அவரோடு ஒட்டிக்கொண்ட ஒன்று என்று விட்டுவிட்டாள்.

அவர் வேலை பார்ப்பது கவச வண்டி கட்டும் தொழிற்சாலையில். படைவீரர்களை ஏற்றிக்கொண்டு சண்டை நடக்கும் இடத்துக்கே போகிற எட்டுச் சக்கர வண்டி அது. ஒரு சின்ன வீட்டைச் சக்கரத்தின் மேல் ஏற்றி வைத்தது போல இருக்கும். ஆனாலும் நெடுஞ்சாலையில் விட்டால் கார்களுக்குச் சமமாக ஓடும். எட்டுச் சக்கரமும் தனித்தனியாக ஏறி இறங்கும். டயரில் குண்டு பாய்ந்து காற்றுப் போனாலும் உள்ளே இருக்கும் கெட்டி வளையத்தின் மேல் ஓடிக்கொண்டே இருக்கும். மணலில் இறங்கினால் ஓட்டுகிறவன் இருந்த இடத்திலிருந்தே டயர்க் காற்றைக் குறைத்துக்கொள்வான். நல்ல சாலை வந்ததும் ஏற்றிக்கொள்வான். ஆற்றில் இறக்கினால் பின்னால் இருக்கும் விசிறிகள் சுற்ற, எருமை மாதிரி மூக்கை மட்டும் தூக்கிக்கொண்டு நீந்தும். மேலே சுழலும் பீரங்கிக் கூண்டில் ஆளே கிடையாது. சுடுகிறவன் கீழே, கவசத்துக்குள் உட்கார்ந்து திரையைப் பார்த்துக் கூண்டைத் திருப்புவான். இருட்டிலும் புகையிலும் உடம்புச் சூட்டை வைத்தே ஆளைக் காட்டிக்கொடுக்கும் கேமரா அவனுக்கு உண்டு. வண்டியின் வயிறு தட்டையாக இல்லாமல் படகின் அடி போலக் கூராக இருக்கும். கண்ணிவெடி வெடித்தால் அதன் வேகம் இரண்டு பக்கமும் சிதறிப் போவதற்காக அந்த அமைப்பு.

இதில் அவரவர் செய்த பாகத்தைப் பற்றி அவரவருக்குப் பெருமை. வெல்டர்களுக்கு வயிறு, சக்கரக்காரர்களுக்குச் சக்கரம். இவர் மாட்டுவது பின்பக்கம் வீரர்கள் உட்காரும் இருக்கைகளை. அந்த இருக்கைகள் தரையைத் தொடுவதில்லை. கூரையிலிருந்தும் பக்கச் சுவரிலிருந்தும் தொங்கும். அதனால் தொழிற்சாலையில் அவருக்குத் தொங்கல் என்று பெயர் விழுந்துவிட்டது.

"தொங்கல் அண்ணே, ஊஞ்சல் கட்டியாச்சா? குழந்தைங்க காத்துட்டிருக்கு" என்று சக்கரக்காரர்கள் சீண்டுவார்கள்.

"கட்டியாச்சு. நீ வந்து ஆடிப் பாரு. உன் எடைக்குத் தாங்கினா ஊருக்கே தாங்கும்."

தொங்கவிடுவதற்குக் காரணம் இருந்தது. அடியில் வெடித்தால் வண்டியே ஒரு கணம் எம்பித் தூக்கியடிக்கும். தரையோடு பிணைத்த இருக்கையில் இருப்பவனுக்கு அந்த அடி முழுவதும் முதுகுத்தண்டில் ஏறும். தொங்கும் இருக்கையில் முதுகுக்குப் பின்னால் ஓர் எஃகுப் பட்டை இருக்கிறது. அடி விழுந்ததும் அது சுருண்டு சுருண்டு கொடுக்கும், இருக்கை ஒரு சாண் கீழே இறங்கும். அந்த ஒரு சாணில் அடி தேய்ந்துபோகும், ஆள் பிழைப்பான். காலைக்கூடத் தரையில் வைக்கக் கூடாது, அதற்குத் தனியாகப் படி உண்டு. இவ்வளவும் நடக்க அடியில் அந்த ஒரு சாண் இடம் காலியாக இருக்க வேண்டும். எதுவும் இருக்கக் கூடாது. சுவரில் சிவப்புப் பெயின்டில் எழுதியே வைத்திருப்பார்கள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு வெடிச் சோதனையைப் பார்த்தார். மனித எடையுள்ள இரண்டு பொம்மைகளை இருக்கையில் கட்டி, ஒன்றின் அடியில் மட்டும் வேண்டுமென்றே ஒரு தோட்டாப் பெட்டியைச் செருகியிருந்தார்கள். வெடித்துப் புகை அடங்கிய பிறகு கதவைத் திறந்தார்கள். ஒரு பொம்மை பேருந்துக்குக் காத்திருப்பது போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. மற்றது இடுப்பில் மடிந்து, தலை தொங்கிக் கிடந்தது. பொம்மைதான், ரப்பரும் இரும்பும்தான். ஆனாலும் அன்றைக்குச் சாப்பாட்டுக் கூடத்தில் உட்காரும்போது அவர் குனிந்து பெஞ்சுக்கு அடியில் பார்த்தார். அப்படி ஆரம்பித்ததுதான்.

அவர்களுக்கு ஒரே பையன். அவன் படையில் சேர்ந்தபோது அம்மா அழுதாள்.  அவனை அதே எட்டுச் சக்கர வண்டியில் போட்டிருக்கிறார்கள் என்று தெரிந்த நாளில்தான் அப்பாவுக்கு மூச்சு வந்தது. வேறு எதிலோ போவதற்கு இது மேல், தன் கையால் மாட்டியது.

மகன் தொலைபேசியில் வம்பிழுப்பான். "அப்பா, உங்க சீட்டுல உக்காந்து உக்காந்து பின்பக்கமே மரத்துப்போச்சு. கொஞ்சம் பஞ்சு வச்சிருக்கக் கூடாதா?"

"பஞ்சு வச்சா தூங்கிடுவடா. கால் எங்க இருக்கு?"

"படியில இருக்குப்பா. தரையில வச்சா நீங்க ஃபோன் வழியா வந்து அடிப்பீங்கன்னு தெரியாதா?"

அவன் அம்மா வெண்ணெய் பிஸ்கட் செய்வதில் கெட்டிக்காரி. வாயில் போட்டால் கரையும், கையில் அழுத்தி எடுத்தாலே நொறுங்கும். அதைக் காகிதம் விரித்து அடுக்கி, ஒரு கெட்டியான நீல டின்னில் போட்டு, விடுமுறைக்கு வந்து திரும்பும் யாரிடமாவது கொடுத்து அனுப்புவாள். பெரும்பாலும் அது மகனின் வண்டியை ஓட்டுகிற பையனாக இருக்கும். வாய் ஓயாதவன். படையில் எல்லோரும் அவனை ஹாரன் என்றுதான் கூப்பிடுவார்கள். இந்த வீட்டிலும் அதே பெயர் நிலைத்துவிட்டது.

டின் போய்ச் சேர்ந்த மறுநிமிஷம் காலியாகிவிடும் என்று மகன் அழாத குறையாகச் சொல்வான். ஒருநாள் சாப்பிடும்போது மனைவி சிரித்துக்கொண்டே சொன்னாள்.

"இந்தத் தடவை யாருக்கும் குடுக்கலையாம். மேல தட்டுல வச்சா பெருச்சாளிக் கூட்டம் மாதிரி வந்துடறானுங்கன்னு எங்கியோ ஒளிச்சு வச்சிருக்கானாம். எவனும் கை வைக்க முடியாத இடமாம். தினம் ரெண்டே ரெண்டு திங்கிறானாம், கஞ்சப் பய."

"அப்பனுக்குத் தப்பாத பிள்ளை" என்று அவரும் சிரித்தார். எந்த இடம் என்று கேட்க அவருக்குத் தோன்றவில்லை. குழம்பு சூடாக இருந்தது, அவர் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

அடுத்த வாரம் வண்டி கண்ணிவெடியில் ஏறியது.

வண்டி தன் வேலையைச் சரியாகச் செய்தது. முன்சக்கரம் ஒன்று பிய்த்துக்கொண்டு வயலில் போய் விழுந்தது. இன்னொன்று கோணிக்கொண்டது. வயிறு கிழியவில்லை. மிச்சச் சக்கரங்களை வைத்தே ஹாரன் அதை ஆபத்தான இடத்திலிருந்து ஓட்டிக்கொண்டு வெளியே வந்தான். பின்கதவு இறங்கியதும் காது அடைத்து, மூக்கில் ரத்தம் ஒழுக, ஒவ்வொருவராக நடந்து இறங்கினார்கள். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டார்கள். இடப்பக்கம் மூன்றாவது இருக்கையில் இருந்தவன் மட்டும் இறங்கவில்லை. "டேய், காலை அசைக்க முடியலடா" என்று அமைதியாகச் சொன்னானாம்.

முதுகுத்தண்டு நொறுங்கியிருந்தது. உயிருக்கு ஆபத்து இல்லை, நடப்பது மட்டும் இனி இல்லை என்றார் மருத்துவர்.

அந்த வண்டியைப் பிரித்துப் பார்க்கத் தொழிற்சாலைக்கே கொண்டுவந்தார்கள். ஃபோர்மேன் அவரைத் தனியாகக் கூப்பிட்டார்.

"நீ வேணாம்ப்பா. வேற ஆளை விட்டுக் கழட்டறேன்."

"நான் மாட்டினது சார். நானே கழட்டறேன்."

ஸ்பேனரை எடுத்துக்கொண்டு பின்கதவு வழியாக உள்ளே போனார். முதல் இருக்கையின் எஃகுப் பட்டை அழகாகச் சுருண்டிருந்தது. இருக்கை சரியாக ஒரு சாண் இறங்கியிருந்தது. இரண்டாவதும் அப்படியே. அந்த நேரத்திலும் நெஞ்சில் ஓரமாக ஒரு பெருமை எட்டிப் பார்த்ததை அவரால் தடுக்க முடியவில்லை. மூன்றாவது நான்கு விரல் இறங்கி நின்றிருந்தது. அவர் குனிந்து அடியில் பார்த்தார்.

நீல டின். ஒரு பக்கம் நசுங்கி, மறுபக்கம் அப்படியே நிமிர்ந்து, இருக்கையைத் தாங்கிக்கொண்டிருந்தது. நல்ல கெட்டி டின். மூடி பிளந்த இடத்திலிருந்து பிஸ்கட் பொடி மணல் மாதிரி தரையில் கொட்டியிருந்தது.

அவர் வெளியே வர நேரமானதால் ஃபோர்மேன் உள்ளே வந்தார். பார்த்தார்.

"யாரு வச்சது இது? யாரு டின்னு?"

"என் வீட்டு டின்னு சார்."

ஃபோர்மேன் எதிர் இருக்கையில் உட்கார்ந்துவிட்டார். "நான் மேல சொல்லித்தான் ஆகணும்" என்றார்.

"சொல்லுங்க சார். மத்தப் பசங்களுக்குத் தெரியணும். யாரு வீட்டு டின்னுன்னு மட்டும் வேணாம்."

அன்று மாலை மருத்துவமனைக்குப் போனார். மனைவி மருந்து வாங்கக் கீழே போயிருந்தாள். மகன் கூரையைப் பார்த்துப் படுத்திருந்தான்.

"வண்டி வந்துடுச்சாப்பா?"

"வந்துடுச்சு."

"பாத்துட்டீங்களா?"

"பாத்தேன்."

அவர் நாற்காலியை இழுத்து, குனிந்து அடியில் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். பிறகு அவர் குரல் உடைந்தது. "உனக்குத் தெரியாதாடா? ஊருல எவனுக்குத் தெரியலன்னாலும் உனக்குத் தெரியாதா?"

"தெரியும்ப்பா. தினம் போற ரோடுப்பா அது. அந்தப் பக்கம் ஒண்ணுமே கிடையாது. நாலு நாள்ல தின்னு முடிச்சுடலாம்னு பாத்தேன்." அவன் சிரிக்க முயன்றான். "தட்டுல வச்சிருந்தா ஹாரன் தின்னிருப்பான். பிஸ்கட்டுதான் போயிருக்கும், நல்லாப் போயிருக்கும்."

மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது.

"அம்மாவுக்குத் தெரியக் கூடாதுப்பா. செத்துடும்."

"தெரியாது" என்றார்.

மகன் வீடு திரும்பிய பிறகு மனைவியின் அக்கா பார்க்க வந்தாள். நல்லவள்தான், வாய்தான் நிற்காது. "எல்லாரும் முழுசா இறங்கினாங்களாமே. இவன் உக்காந்த சீட்டு மட்டும் எப்படிடி சரியா வேலை செய்யாமப் போச்சு? மாட்டினது உன் வீட்டுக்காரர்தானே?" ஊர்வாயை மூட உலைமூடி உண்டா? தெருவிலும் அதே பேச்சுத்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் அக்காவின் வாயிலிருந்து வந்தது மனைவியின் நெஞ்சில் நேராகப் போய்த் தைத்தது. அக்கா போனதும் வந்து அவர் முன்னால் நின்றாள்.

"அந்த வண்டிக்கு நீங்கதானே மாட்டினீங்க?"

"ஆமா."

"எல்லார் சீட்டும் இறங்கிச்சாம். என் பிள்ளை சீட்டு ஏன் இறங்கல?"

அவர் ஒரு தடவை மகனின் அறைப் பக்கம் பார்த்தார். கதவு திறந்திருந்தது.

"தெரியல. என் தப்பா இருக்கலாம்" என்றார்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அன்றிலிருந்து அவள் அவரைச் சொல்லால் அடித்துக்கொண்டே இருந்தாள். பெற்றவள் அடிவயிற்றிலிருந்து வருகிற கோபம் அது. மகனைத் தூக்கி உட்கார வைக்கும்போது, துடைத்துவிடும்போது, சக்கர நாற்காலியை வாசற்படியில் ஏற்ற முடியாமல் மூச்சு வாங்கும்போது, ஒரு வார்த்தை அவர் மேல் வந்து விழும். "ஊருக்கெல்லாம் ஒழுங்கா மாட்டினாராம், சொந்தப் பிள்ளைக்கு மாட்டத் தெரியல." அவர் தலையைக் குனிந்துகொள்வார். மகன் உள்ளேயிருந்து "அம்மா, போதும்மா" என்பான். அதற்கு மேல் அவனாலும் சொல்ல முடியாது. அப்பாவும் மகனும் அவளுக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்ளும் பார்வையிலேயே வாயை மூடிக்கொண்டார்கள்.

திட்டிவிட்டுப் போகும்போது அவள் நடையில் ஒரு தெம்பு இருப்பதை அவர் கவனித்திருந்தார். கோபம் அவளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது. அது போதும் என்று இருந்தார்.

ஒரு விடுமுறையில் ஹாரன் வந்தான். நண்பனின் பக்கத்தில் கட்டிலில் ஏறி உட்கார்ந்து, ஒரு பகல் முழுக்க அவனைச் சிரிக்க வைத்தான். அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு வெகுநாள் ஆகியிருந்தது. தன் பிள்ளையை உயிரோடு ஓட்டிக்கொண்டு வந்து சேர்த்தவன் அல்லவா? அவனுக்கு என்ன செய்வது என்று மனைவிக்குத் தெரியவில்லை. மறுநாள் காலையில் அடுப்பை மூட்டினாள். வெண்ணெய் வாசனை வீடெல்லாம் பரவியது. அவர் எழுந்து சமையலறைக்குப் போனார். மேடையில் பழையது போலவே ஒரு நீல டின் துடைத்து வைத்திருந்தது.

"துணிப்பையில போட்டுக் குடேன்" என்றார்.

"துணிப்பையில போட்டா நொறுங்கிடாதா? போய்ச் சேர்றப்போ பொடிதான் இருக்கும்."

"அட்டைப் பெட்டியிலயாவது போடு."

"இத்தனை வருஷமா டின்னுலதானே அனுப்பறேன்? உங்க வேலையை ஒழுங்காப் பாருங்க, என் வேலைக்கு வராதீங்க."

அவர் வாசலுக்குப் போய்விட்டார். பையனைப் பேருந்து நிறுத்தம் வரைக்கும் கொண்டுபோய் விடுவதாகச் சொல்லி, தெருமுனையில் வைத்துத் தனியாகச் சொல்லிவிடலாம் என்று முடிவு செய்துகொண்டார். டின்னைக்கூட வாங்கிக்கொண்டு விடலாம். அவளுக்குத் தெரியப் போவதில்லை.

ஹாரன் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினான். மனைவி டின்னைக் கொண்டுவந்து அவன் கையில் கொடுத்தாள். சக்கர நாற்காலியில் மகன், கதவருகில் அவர்.

"எல்லாரும் பிடுங்கிக்காமப் பாத்துக்கோப்பா. உனக்குன்னு செஞ்சது."

"அதெல்லாம் கவலையே படாதீங்கம்மா. எனக்கு இடம் இருக்கு. அப்படியே என் சீட்டுக்கு அடியில தள்ளி விட்டுட்டேன்னா ஒரு பய கண்ணுல…"

"வேணாம்!"

அது அவர் குரல்தான். அவரே அப்படி ஒரு சத்தத்தை எதிர்பார்க்கவில்லை. ஹாரன் திகைத்து நின்றான். டின் அவர் கைக்கு எப்படி வந்தது என்று அவருக்கே தெரியவில்லை.

"அடியில வைக்காதடா. எங்க வேணா வை. அடியில மட்டும் வைக்காத."

"தெரியும்ப்பா, ஆர்டர்கூட வந்துச்சு. நாலு நாளைக்கு எல்லாரும் கேட்டானுங்க, அப்புறம் பழையபடிதான்…" என்று ஆரம்பித்த ஹாரன், அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

மனைவி அவரைப் பார்த்தாள். டின்னைப் பிடித்திருந்த அவர் கையைப் பார்த்தாள். பிறகு மெதுவாகத் திரும்பி மகனைப் பார்த்தாள்.

"உன் டின்னை நீ எங்கப்பா வச்சிருந்தே?"

"மேல தட்டுலதாம்மா" என்றான் அவன். சின்ன வயதில் திருட்டுத்தனம் செய்துவிட்டுச் சொல்வது போலவே, கேட்டு முடிக்கும் முன்னே சொல்லிவிட்டான்.

அவள் அவர் கையிலிருந்து டின்னை வாங்கிக்கொண்டு சமையலறைக்குள் போனாள். துணி கிழிபடும் சத்தம் கேட்டது. திரும்பி வரும்போது கையில் ஒரு துணி முடிச்சு இருந்தது. அதை ஹாரனின் பைக்குள் அவளே வைத்தாள்.

"நொறுங்கினா நொறுங்கட்டும்ப்பா. பொடியாவே அள்ளித் தின்னு."

பையன் போன பிறகு அவள் தரையில் உட்கார்ந்தாள்.

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"வண்டி வந்தன்னிக்கு."

"அதுக்கப்புறம் நான் உங்களை என்னென்ன பேசினேன்?"

"பேசினா என்ன? எனக்கு என்ன குறைஞ்சு போச்சு?"

"ஏன் சொல்லல?"

 மகன் நாற்காலியை உருட்டிக்கொண்டு பக்கத்தில் வந்தான். "அம்மா, வச்சது நான்மா. நீ அங்க வைன்னு சொன்னியா? எனக்குத் தெரிஞ்சே வச்சேன்மா."

"குடுத்தது நான்தானேடா" என்றாள் அவள். "கெட்டி டின்னாப் பாத்துப் பாத்துக் குடுத்தேன்."



இப்போதும் அவர் அதே தொழிற்சாலையில் இருக்கை மாட்டுகிறார். மகன் வீட்டு முன்னறையில் கைபேசி பழுது பார்க்கிறான், நல்ல கூட்டம் வருகிறது. ஹாரன் மாதம் ஒருமுறை பேசுவான், நன்றாக இருக்கிறான். மனைவி காலையில் மகனைத் தூக்கி உட்கார வைக்கிறாள், வேளைக்குச் சமைக்கிறாள், கேட்டதற்குப் பதில் சொல்கிறாள். அவரைத் திட்டுவதில்லை. யாரையுமே திட்டுவதில்லை.